கோப்பிக் கப்புக் கன்றுகள்

சனம் கழற்றிவிட்ட சப்பாத்துக் குவியலைத் தாண்டிப் பின்கதவில் கை வைத்த குணவதியைத் தவமணி தோளில் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கை போறாய்? இப்பதான் எரிச்சுப்போட்டு வந்து தோய்ஞ்சிருக்கிறாய். சனம் இருக்குது, உள்ளுக்கு வந்து இரு."

"பாகல், புடல் கண்டுகள் வெளியிலை நிக்குது மச்சாள். இண்டைக்கு ராவைக்கு உறைபனி எண்டு ரேடியோவிலை சொல்லுறாங்கள்."

"கண்டோ? செத்தவீட்டுத் துடக்கோடை போய்க் கொடியைத் தொடப்போறியே? அவ்வளவும் பட்டுப்போம்."

தவமணி, குணவதியின் புருசன் அன்புராசாவின் மூத்த அக்கா. தம்பி செத்த செய்தி கேட்டு அரை மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் ரூஜிலிருந்து வந்து இறங்கிய நேரம் தொடக்கம் வீடு அவளுடைய கையில்தான். எது செய்யலாம், எது ஆகாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வருவதில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து குணவதி அவளுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியதும் இல்லை. இன்றைக்குப் பேசுவதற்குத் தொண்டையிலும் சத்தம் மிச்சமில்லை.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே முற்றம் முழுக்கக் கப்புகள். தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் மற்றவர்கள் குடித்துவிட்டு எறிந்த கோப்பிக் கப்புகளை அன்புராசா வருசம் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்து, அடியில் ஓட்டை போட்டு, மாசியிலேயே விதை ஊன்றிவிடுவார். நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றில் பழைய பலகைகளால் தட்டு அடித்து, மேலே ரியூப் லைற் கட்டி, வெளியே பனி கொட்டக் கொட்ட உள்ளே பாகலும் புடலும் பயற்றையும் முளைக்க வைத்த மனுசன். பந்தலுக்குக் கம்பு வாங்கக் காசு செலவழித்ததில்லை. ஐஸ் விளையாட்டுத் திடலின் குப்பையில் கிடக்கும் முறிந்த ஹொக்கி மட்டைகள்தான் அவருடைய பந்தற்கால். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரப் பெடியன்கள் தங்கள் மட்டையில் பாகற்காய் தொங்குவதை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

புதன்கிழமை காலையில் கன்றுகளை வெயிலுக்குப் பழக்குவதற்காகத் தட்டம் தட்டமாக வெளியே கொண்டுபோய் வைத்தார். கடைசித் தட்டத்தை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. ஒரு கப்புக்கூடக் கவிழவில்லை. தட்டத்தைப் பக்குவமாக இறக்கி வைக்கத் தெரிந்த மனுசனுக்கு, 'குணம்' என்று ஒருக்கால் கூப்பிடத் தோன்றவில்லையே!

"விக்டோரியா மகாராணியின்ரை பிறந்தநாளுக்கு முதல் ஒருத்தனும் கண்டு நடப்படாது" என்பது அவருடைய சட்டம்; உறைபனி அதற்குப் பிறகுதான் ஓயும். மே மாதத்து அந்த நீண்ட வார இறுதியில்தான் தெரிந்த சனம் எல்லாம் வந்து ஆளுக்கு இரண்டு மூன்று கன்று வாங்கிக்கொண்டு போகும். இந்த வருசமும் அதே வார இறுதி, அதே சனம். ஆனால் செத்த வீட்டிலிருந்து யாரும் ஒரு பொருளும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பிப் போவதுதான் முறை. துடக்குக் கழிய முப்பத்தொரு நாள் செல்லும். அதுவரை அந்தக் கப்புகளுக்குள் வேர் சுற்றிக்கொண்டு கன்று எதுவும் உயிரோடு இருக்காது. உள்ளே எடுத்து வைக்கவும் இடமில்லை. வந்தவர்கள் இருப்பதற்கென்று இளந்தாரிகள் பேஸ்மென்றுத் தட்டுகளைக் கழற்றிக் கார் விடும் கராச்சு நிரம்ப அடுக்கிவிட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். உதவி செய்தவர்களைக் கோபிக்கவும் முடியாது.

"அம்மா, என்ரை ரூமிலை கொஞ்சத்தை வைப்பமா?" மகள் துர்க்கா பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. "லைக், ஒரு இருபது?"

"மிச்சத்தைச் சாகவிடுறதோ?"

குணவதி முன்னறைக்குப் போனாள். அன்புராசாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்த ஜெயரட்ணம் சுவரோடு சாய்ந்து இருந்தார். ஒவ்வொரு வருசமும் முதல் ஆளாகக் கன்றுக்கு வருகிறவர்.

"அண்ணை, உங்கடை பாகல் நிக்குது. போகேக்கை கொண்டுபோங்கோவன்."

ஜெயரட்ணம் மனைவியைப் பார்த்தார். மனைவி கார்ப்பெற்றைப் பார்த்தாள்.

"அதுக்கென்ன தங்கச்சி, ஆறுதலா ஒருநாளைக்கு வந்து எடுப்பம்."

சுற்றியிருந்தவர்களில் எனக்குத் தாருங்கோ என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் குணவதிக்கு முதன்முதலாக அன்புராசா இல்லை என்பது முழுதாக விளங்கியது. காலையில் பெட்டியை எரியூட்டும் அறைக்குள் தள்ளியபோதுகூட அப்படி விளங்கவில்லை.

அவள் நேரே பின்கதவுக்குப் போய்ச் செருப்பைக் கொழுவினாள்.

"சொன்னால் கேளன் குணம்! தொட்டால் பட்டுப்போமெல்லே?"

"தொட்டாலும் பட்டுப்போம், தொடாட்டிலும் பட்டுப்போம். தொட்டுப் பாப்பம் மச்சாள்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். தவமணி கதவை விட்டு விலகினாள்.

தாயும் மகளும் தட்டங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார்கள். குளிர் அதற்குள் காலில் ஏறத் தொடங்கியிருந்தது. சனம் எழும்பும் நேரம். ஜெயரட்ணம் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல், தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். குணவதி ஒரு கப்பை எடுத்து அவருடைய கையில் வைத்தாள்.

அவர் திடுக்கிட்டுப் போனார். புருசனை எரித்துவிட்டு வந்த பெண்பிள்ளை வாசலில் நின்று தரும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு முறையை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. மற்றக் கையையும் கொண்டுவந்து கப்பைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்த மனைவி, கேட்காமலே கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் தயங்கவில்லை. வாசலில் வரிசை நின்றது. கோட்டும் சேலையுமாக, ஆளுக்கொரு கோப்பிக் கப்போடு, சத்தமில்லாமல் கார்களுக்கு நடந்தார்கள். பார்த்தால் கோப்பிக் கடை வாசல் மாதிரித்தான் இருந்தது. இன்னொரு நாள் என்றால் குணவதி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"இது என்ன கண்டு அக்கா?" ஒரு பெண் இரகசியமாகக் கேட்டாள்.

"எனக்கெங்கை தெரியும்? அவருக்குத்தான் தெரியும். பாகலோ புடலோ, காய்க்கேக்கை பாருங்கோ."

சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. ஆடி, ஆவணியில் யார் யாருடைய வீட்டிலிருந்தோ போன் வரும். என்ன காய்த்தது என்று சொல்லத்தானே வேண்டும்.

வெயில் வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் போய்விட்டது. வாய் திறந்தால் புகை வந்தது. கடைசித் தட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம். தவமணியின் மகன் காரை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். வீட்டுக்குப் போய்ப் படுத்தெழும்பிக் காலையில் வருவதாக ஏற்பாடு. தவமணி படியிறங்கி வந்தாள்.

குணவதி கையை நீட்டவில்லை. நீட்டுகிற தைரியம் மற்ற எல்லோரிடமும் செலவாகிப் போயிருந்தது.

தவமணி தட்டத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, தண்டு தடித்ததாகப் பார்த்து இரண்டு கப்புகளைத் தெரிந்தெடுத்தாள்.

"தம்பி எனக்கெண்டால் எப்பவும் மெலிஞ்சதைத்தான் தாறவன்," என்றாள்.

காரில் ஏறி இருந்து, கப்புகளை மடியில் வைத்து, வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து அவற்றின்மேல் போர்த்தாள்.

"ஹீற்றரைப் போடடா," என்று மகனுக்குச் சொன்னது வெளியே கேட்டது.