மச்சானின் தாடை வழியாக

இதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு வரி பொய்யாக இருந்தாலும் சொன்ன நாக்கு அழுகட்டும்.

பல்செட் செய்கிறவருக்கு அன்று ஒரே கவலை. நான்கு மணிக்கு அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், தன் பணி ஓய்வு விழாவில் பேசவேண்டும். பேசவேண்டிய பற்களோ இவர் மேஜைமேல் ஒரு டப்பா தண்ணீரில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தன.

விழா மண்டபம் ஊருக்கு வெளியே. அந்தப் பக்கம் நெட் எட்டிப் பார்க்காது. அதனால் கிளம்புமுன் வழியை ஐந்து ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்தார். ஃபோனில் மூன்றுக்குத்தான் இடமிருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. மனைவி ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் பல் டப்பா, கையில் ஃபோன்.

மூன்று படம்வரை ஒரு குறையுமில்லை.

“ஏங்க, நாலாவது படத்துல ஊரையே காணோம். ஒரே கறுப்பு. வளைஞ்சு ஒரு தெரு, அதுல ரெண்டே ரெண்டு வீடு.”

வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தார். பல்செட் வேலைக்காக ஃபோனில் போட்டு வைத்திருந்த எக்ஸ்ரே.

“இது மேப் இல்ல. உங்கண்ணன் தாடை.”

“அப்ப சரியான வழிதான். எங்கண்ணன் தாடை எங்கண்ணன்கிட்ட போகாம வேற யார்கிட்ட போகும்?”

இருபது வருடமாக ஜெயிக்காத வாதத்தை மூன்றரை மணிக்கா ஜெயிக்கப்போகிறார்? வண்டியைக் கிளப்பினார்.

நூறடி போனதும் சாலை வளைந்தது. வளைவில் ஒரு மாடிவீடு சாய்ந்து நின்றது.

“கடைவாய்ப் பல்லு,” என்றார் தன்னையறியாமல். “ரெண்டு வருஷமா ஆடுது. புடுங்கிடலாம்னு சொன்னா கேட்டாத்தானே.”

வாசலில் வீட்டுக்காரர் இரு கையாலும் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். “மெதுவா போங்க சார். ஹாரன் அடிச்சா வேர்வரைக்கும் வலிக்குது.”

பிறகு வரிசையாகக் காலிமனைகள். மண் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தது. சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது.

“பாத்து ஓட்டுங்க,” என்றாள் மனைவி. “போன மாசம் பல்லு எடுத்த எடம் அது. இன்னும் ஆறல.”

முன்பல் மாதிரி ஒல்லியாக நின்ற இரண்டாவது வீட்டைத் தாண்டினால் மண்டபம். நான்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மச்சான் மேடைக்குப் பின்னால் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பற்களை வாங்கி மாட்டிக்கொண்டதும் முதல் வேலையாகச் சொன்னார்:

“மாப்ள, அரைமணி நேரமா என் தாடைல யாரோ வண்டி ஓட்டுற மாதிரியே இருந்துச்சு.”

“நாங்கதான்.”

“திரும்பிப் போறப்ப சுத்துவழியா போங்க.”

மச்சான் இரண்டேகால் மணி நேரம் பேசினார். கூட்டத்தில் பலரும் பல்செட்காரரை முறைத்துப் பார்த்தார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பல்செட்காரரின் மனைவி, தன் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை.