சித்தப்பா பிடுங்கிய பிளக்

“கடை எனக்கு வேணும்” என்றாள் அவள்.

அப்பா கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் குளிர்ந்துகொண்டிருந்தார். அத்தை அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். ஆபீஸ் வேலை இருக்கிற பெண் கடையைக் கேட்கவே கூடாது, அது சித்தப்பாவுக்கு என்று அம்மா வருடக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தாள். இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டிரு என்று காலையில் தனியாகவும் சொன்னாள்.

சித்தப்பா கையில் ஒரு பிளக் தொங்கியது. குளிர்ப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டருடையதைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் திரை கிடையாது. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை அப்பா தூக்கிவந்து, இலவசமாகக் கிடைத்த சர்வர் மென்பொருளை ஏற்றியிருந்தார். சுவரைத் துளைத்து ஒரு ஒயர் பக்கத்திலிருந்த அப்பாவின் டைப்பிங் கடைக்குப் போனது. கடைக் கம்ப்யூட்டர்கள் இதைவிடக் கிழடு. ஊரார் பயோடேட்டா, பத்திரம் எல்லாம் இந்த ஒன்றில்தான். அணைத்தால் டிஸ்க் மறுபடி சுற்றுமா என்று அப்பாவுக்கே சந்தேகம். அதனால் அணைத்ததே இல்லை.

“ஏன் சித்தப்பா, வேற பிளக்கே கிடைக்கலையா?”

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “காசு குடுக்காம போட்ட சாஃப்ட்வேராமே. போலீஸ் வந்தா அண்ணன் படுத்துட்டார், நான்தானே பதில் சொல்லணும்? பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிட்டேன்.”

“அது திருட்டு இல்ல. எழுதினவங்களே யார் வேணா எடுத்துக்கோங்கன்னு குடுத்தது.”

“யாரு, உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல.”

“அண்ணனுக்கு?”

“இல்ல.”

“முன்னபின்ன தெரியாதவன் சும்மா தூக்கிக் குடுத்தானாம். இதுக்காடி உன்னைக் காலேஜுக்கு அனுப்புனோம்?”

அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவள். பேச்சில் தோற்கும்போதெல்லாம் காலேஜை எடுத்து அவள் தலையில் போடுவார்கள். சித்தப்பா அனுப்பியது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

தையல்காரர் அப்பாவின் காலடியில் பூவை வைத்துவிட்டு அவளிடம் ஒதுங்கினார். “தங்கமான மனுஷன் பாப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் பொண்ணு அப்ளிகேஷன் அதுலதானே இருக்கு? இன்னைக்கு சாயங்காலம் கடைசி.”

அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அப்பாவை ஒரு பார்வையும் மூலையை இரண்டு பார்வையும் பார்த்தார்கள். அதில் மாட்டிக்கொண்ட தன் வாடகை ஒப்பந்தத்தை நினைத்து ஒருவர் விட்ட பெருமூச்சில் கரைந்துபோய், அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

“ஆபீஸ் வேலை?” என்றாள் அம்மா.

“விட்டுடறேன்னு காலையிலேயே எழுதி அனுப்பிட்டேன். அங்க என்னை யாரும் தேடல. இங்க பிணத்தைத் தாண்டி வர்றாங்க.”

“இன்னைக்கே கடையைத் திறக்கப் போறியா?” சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். “நாலு பேர் என்ன சொல்லுவாங்க, அண்ணி?”

“அந்த நாலு பேர் ஃபைலும் இதுலதான் இருக்கு” என்றாள் அவள்.

அம்மா நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டாள்.

அவள் ஒயரைக் கழற்றி, கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். அப்பாவைக் கடக்கையில் ஒரு நொடி நின்று, கண்ணாடியில் பூத்திருந்த ஈரத்தை முழங்கையால் துடைத்தாள். முகம் தெளிவாகத் தெரிந்தது.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடவில்லை. காலில் தட்டுப்பட்ட இரண்டை மாட்டிக்கொண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, தெருவில் இறங்கினாள்.