வகுப்புக்குள் நைனா கிடையாது

கஜபதி சார் பிள்ளைகளை அடிக்கிறவர் இல்லை. குரலை உயர்த்துகிறவரும் இல்லை. ஆனாலும் திருத்தணியில் அந்த அரசு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பைத் தாண்டிப் போகிறவர்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அத்தனை ஒழுங்கு. பள்ளி திறக்கிற முதல் நாளே அவர் தம் சட்டங்களைச் சொல்லிவிடுவார். பேச வேண்டுமென்றால் எழுந்து நின்று, 'சார்' என்று ஆரம்பித்துப் பேச வேண்டும். ஒருவன் தப்பாகப் பதில் சொன்னால் மற்றவன் சிரிக்கக் கூடாது. எந்தத் தப்புக்கும் முதல் தடவை மன்னிப்பு உண்டு. அடுத்த தடவை பாடவேளை முடிகிறவரை நிற்க வேண்டும்.

"கலெக்டர் புள்ளையா இருந்தாலும் சரி, கடலை விக்கிறவர் புள்ளையா இருந்தாலும் சரி, என் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று முடிப்பார்.

பல வருஷமாகப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்த சட்டம்தான். இந்த வருஷம் அவர் மகள் யுவஸ்ரீ அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அவள் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மே மாதம் வந்தால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய், உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கேட்பது வழக்கம். அப்படிப் போனபோது அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மெஹபூப் பாஷாவிடம் கஜபதி அரை மணி நேரம் பேசினார். நல்ல வாத்தியார்கள், புது பெஞ்சு, மதியச் சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொன்னார். பாஷா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கேட்டா கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு எங்க படிக்குது?" என்றார்.

கஜபதி சொன்னார். வேன் வந்து கூட்டிப்போகும் இங்கிலீஷ் பள்ளி அது.

பாஷா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே, "அப்போ ஒண்ணு பண்ணலாம் சார். உங்க பொண்ணு உங்க ஸ்கூலுக்கு வரட்டும். அடுத்த நாளே எம் பொண்ணு நஸியாவும் வந்துடும்" என்றார்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கனிமொழி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வண்டிய சர்வீஸுக்கு வுட்டுட்டு வாங்கன்னா, பொண்ண எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!"

ஆனால் யுவஸ்ரீ துள்ளிக் குதித்தாள். "நைனா, அப்போ தினமும் உன் வண்டியிலதான் போவேனா?"

திருத்தணிப் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் இந்த மாதிரிச் சொற்களும் சீரோடு வந்து சேர்ந்துவிட்டன.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இங்க நான் உனக்கு சார். புரிஞ்சுதா?" என்றார் கஜபதி. "ஆங், புரிஞ்சுது" என்று தலையாட்டினாள் யுவஸ்ரீ. முதல் பாடவேளையே கணக்கு. அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பதின்மூன்று வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"நைனா, அந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "டேய், நைனாவாம்டா!" என்றான் கடைசி பெஞ்சிலிருந்த பிரகாஷ்.

கஜபதிக்குக் காது மடல் சூடாகிவிட்டது. வாத்தியார் பெண்ணுக்குச் சலுகை என்று முதல் நாளே பேச்சு வந்துவிட்டால் அப்புறம் அதை அழிக்கவே முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"வகுப்புக்குள்ள நைனா கிடையாது. பெல் அடிக்கிற வரைக்கும் நில்லு" என்றார்.

யுவஸ்ரீ நின்றாள். சிரித்தவர்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அவள் வந்து நின்றாள். "சார், உங்களுக்கு டீ வேணுமான்னு அம்மா கேக்கறாங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். மறுநாளும் 'சார்'. அதற்கு மறுநாள் சாப்பாட்டில், "சார், ரசம் ஊத்தட்டுங்களா?" சிரிப்பு நின்றுவிட்டது.

"வீட்டுல இன்னாடி சாரு மோரு?" என்று அதட்டினாள் கனிமொழி.

"இல்லம்மா. வீட்டுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னா வாய் மாறிப் போயிடுது. எல்லா இடத்துலயும் சார்னே வெச்சுக்கிட்டா தப்பு வராது." கோபமே இல்லாமல், கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

'சார்' என்கிற சொல்கூட அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. அதன்கூட வந்த 'நீங்க'தான் உறுத்தியது. நேற்றுவரை "நீ எப்போ வருவ? எனக்கு இன்னா வாங்கினு வந்த?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்ட பெண், இப்போது தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவள்போல இரண்டடி தள்ளி நின்று பேசினாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை கிடையாது.

வகுப்பிலோ கஜபதி இன்னும் இறுகிப்போனார். ஆசிரியர் அறையில் ராஜவேலு சார் ஒருநாள், "உனக்கென்னய்யா, பரீட்சை பேப்பர வீட்டுலயே எழுதி, வீட்டுலயே திருத்திக்கலாம்" என்று விளையாட்டாகச் சொன்னது போதாதா? யுவஸ்ரீ கை தூக்கினால் பக்கத்திலிருக்கும் நஸியாவைக் கேட்டார். பாஷா சொன்ன சொல் தவறாமல் மகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சு. யுவஸ்ரீ கையைத் தூக்கித் தூக்கி, ஜூலை பாதியில் தூக்குவதையே விட்டுவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் காலையில் கனிமொழி அவருக்குத் தோசையை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"இன்னாங்க, அது பழைய ஸ்கூலுக்கே போறேங்குது. காலாண்டு லீவு முடிஞ்சதும் சேத்துவுடச் சொல்லுது."

"பாஷாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பாஷாவ வுடுங்க. இதுக்கு இன்னா பதில் சொல்வீங்க? 'அங்க இருந்தா எனக்கு வீட்டுலயாவது ஒரு நைனா இருப்பாரும்மா'ங்குது."

கஜபதி பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும், இன்று எப்படியாவது அவளிடம் பேசிவிட வேண்டும் என்றுதான் வண்டியை எடுப்பார். பள்ளி வாசல் வந்ததும் அவருக்குள் இருக்கிற சார் முன்னால் வந்து நின்றுகொள்வார்.

இப்படியே ஆடிக்கிருத்திகையும் வந்தது. அந்த நாட்களில் திருத்தணியில் வீடு என்பது சத்திரம்தான். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் கஜபதி வீட்டுக்கு வந்த உறவுக்கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. காவடி எடுத்தவர்களுக்கு மோர், மலையிலிருந்து இறங்கியவர்களுக்குச் சாப்பாடு, மொட்டை போட்ட குழந்தைகளுக்குச் சந்தனம் என்று யுவஸ்ரீ பம்பரமாகச் சுற்றினாள். "பாப்பா, மாமாவுக்கு எலை போடு, பாப்பா, தாத்தாவுக்குத் தண்ணி குடு" என்று அவளை ஏவிக்கொண்டே இருந்தவர் கஜபதிதான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வகுப்பில் பாதித் தலைகள் மொட்டை. பிரகாஷின் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"வீட்டுப்பாடம் எழுதாதவங்க எழுந்திருங்க."

ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். யுவஸ்ரீயும் எழுந்தாள்.

கஜபதி ஒவ்வொருவராகப் பார்த்தார். "கிருத்திகைக் கூட்டத்துல எழுதியிருக்க மாட்டீங்க. சரி, முதல் தடவை, மன்னிப்பு. உக்காருங்க." எல்லோரும் உட்கார்ந்தார்கள். யுவஸ்ரீயும் உட்காரப் போனாள். அவர் வாயிலிருந்து வந்துவிட்டது: "நீ நில்லு. வாத்தியார் வீட்டுல இருந்துக்கினு எழுதலன்னா இன்னா அர்த்தம்?"

அவள் மறுபடி நேராக நின்றாள். கஜபதி பலகைப் பக்கம் திரும்பினார். பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. நஸியா எழுந்து நின்றிருந்தாள். கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டவைத்து, சட்டம் ஒரு இம்மியும் பிசகாமல் பேசினாள்.

"சார், எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்கதான் சொன்னீங்க சார். யுவஸ்ரீக்கும் இது முதல் தடவை சார். அன்னிக்கு நைனான்னு சொன்னப்பவும் முதல் தடவைதான் சார்."

"உக்காரு."

"சரிங்க சார்." உட்கார்ந்துவிட்டாள். அதுவும் சட்டப்படிதான்.

"பரவால்ல சார், நான் நிக்கிறேன் சார். பழகிடுச்சு" என்றாள் யுவஸ்ரீ.

யாராவது சிரித்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. முப்பது பிள்ளைகளும், அவர் பழக்கிவைத்த அதே ஒழுங்கோடு, வாய் திறக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜபதி திரும்பி நின்று ஒரு முக்கோணம் வரைந்தார். அதன் மூன்று கோணங்களின் கூடுதல் முந்நூற்றறுபது என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே பார்த்தார். அது தப்பு என்று வகுப்பு முழுக்கத் தெரியும். எழுந்து நின்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"நஸியா சொன்னது சரி" என்றார் திரும்பி. "சட்டத்த மீறினது நான்தான். இன்னிக்கு ஒருதரம், ஸ்கூல் தொறந்த அன்னிக்கு ஒருதரம். முதல் தடவை மன்னிப்புன்னாலும் எனக்கு இது ரெண்டாவது."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரகாஷ் மெல்ல எழுந்தான். "சார், அப்போ நீங்க பெல் அடிக்கிற வரைக்கும் நிக்கணும் சார்."

"டேய் லூசு, சார் தினமும் நின்னுக்கினுதானடா இருக்காரு. அது ஒரு தண்டனையா?" என்றது முன் பெஞ்சு. எழுந்து நிற்கவுமில்லை, 'சார்' போட்டு ஆரம்பிக்கவுமில்லை. அதைக் கஜபதியும் கவனிக்கவில்லை.

"அப்போ உக்காரணும் சார்" என்றான் பிரகாஷ், தீர்ப்பு எழுதுகிற தோரணையில்.

கஜபதி கடைசி பெஞ்சுக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி மேசைக்கடியில் நுழையவில்லை. பக்கவாட்டில் காலை நீட்டிக்கொண்டார். "சார், பேக்க மடியில வெச்சுக்கிறேன் சார், தாராளமா உக்காருங்க" என்று பிரகாஷ் மரியாதையாக ஒதுங்கினான்.

"யுவஸ்ரீ, பலகையில ஒரு தப்பு இருக்கு. போய்த் திருத்தி, ஏன்னு சொல்லிக் குடு" என்றார்.

அவள் போனாள். முந்நூற்றறுபதை அழித்து நூற்றெண்பது என்று எழுதினாள். முதல் இலக்கம் கோணலாக விழுந்தது. அப்புறம் சாக்பீஸ் கைக்குள் வந்துவிட்டது. திரும்பி வகுப்பைப் பார்த்தாள்.

"ஏன் நூத்தியெண்பது? பிரகாஷ் பக்கத்துல இருக்கறவங்க சொல்லுங்க."

முப்பது தலைகள் பின்னால் திரும்பின. கஜபதி எழுந்தார், முட்டி மேசையில் இடித்தது. வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் இரண்டு மாதம் கழித்து அவள் தன்னை நேருக்கு நேர் பார்த்து ஒன்று கேட்கிறாள் என்பதுதான் மனதில் நின்றது.

"அது வந்து, பாப்பா... மேல ஒரு இணைகோடு வரைஞ்சோம்னா..."

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "பாப்பாவாம்டா!" என்று பிரகாஷ் மேசையைத் தட்டினான். கஜபதியின் காது மடல் மறுபடியும் சூடாகியது.

யுவஸ்ரீ சிரிக்கவில்லை. "யாரும் சிரிக்கக் கூடாது" என்றாள். அடங்குகிறவரை காத்திருந்தாள். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"வகுப்புக்குள்ள பாப்பா கிடையாது. டீச்சர்னு சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா இது முதல் தடவை. மன்னிப்பு."

"சரிங்க டீச்சர்" என்றார் கஜபதி. பலகைக்குப் போய் முக்கோணத்துக்கு மேலே இணைகோடு வரைந்து, எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று தடுமாறாமல் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் வண்டியில் அவள் பேசாமல்தான் வந்தாள். அவருக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கடைத்தெரு தாண்டியதும் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"நீ பெஞ்சுல உக்காந்தா எவ்ளோ குண்டா தெரியற தெரியுமா? பிரகாஷு பாவம், செவுத்தோட ஒட்டிக்கினு கெடந்தான்."

'நீ.' கஜபதிக்கு வண்டி ஒருதரம் ஆடிவிட்டது.

வீட்டு வாசலில் கனிமொழி நின்றிருந்தாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாடி, நாளைக்கு நான் பழைய ஸ்கூலாண்ட போய்க் கேக்கறதா வாணாவா?"

"வாணாம்." யுவஸ்ரீ குனிந்து ஷூவைக் கழற்றினாள். "ஆனா நாளையிலேர்ந்து நான் கை தூக்கினா என்னையும் கேள்வி கேக்கணும். கேக்கலன்னா போயிடுவேன்."

"யாரு கேக்கணும்? சாரா, நைனாவா?" என்றாள் கனிமொழி.

"சார்தான். நைனா எதுக்குக் கேள்வி கேக்கணும்?" ஷூவை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "நைனா போய் பஜ்ஜி வாங்கினு வரட்டும்."

கஜபதி இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பினார்.

"மிளகா பஜ்ஜியா, வாழக்கா பஜ்ஜியா?"

"ரெண்டும்!" என்று உள்ளேயிருந்து யுவஸ்ரீயின் குரல் வந்தது.