ஆட்டத்தைப் பார்த்துவிட்ட சாட்சி

"அம்மா, நேத்துக் கேட்டதையே இன்னைக்கும் கேட்டா அது ஏன் வேற பதில் சொல்லுது? பொய் சொல்லுதா?"

கணினியில் சதுரங்க மென்பொருளோடு ஆடிப் பழகிய நாட்களில் மகள் கேட்டது. "அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி, போய்ப் பல்லு தேய்" என்று அவள் அன்று மழுப்பிவிட்டாள். இன்று அந்தக் கேள்வி மறுபடி நினைவுக்கு வந்தது.

சதுரங்கப் போட்டியின் சரிபார்ப்பு நடுவர் அவள். ஒளித்துவைத்த கருவியின் துணையோடு யாரும் ஆடுகிறார்களா என்று, நகர்த்தல்களைச் சதுரங்க மென்பொருளின் தேர்வுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. இன்று சந்தேகம் 'நத்தை' என்ற ஆட்டக்காரர் மேல். நிதானமாக யோசிப்பதால் வந்த பட்டப்பெயர். நரைத்த மனிதர் முதலிடத்தில் நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

காலைச் சோதனையில் முக்கியமான நகர்த்தல்கள் எல்லாமே மென்பொருளோடு அச்சாகப் பொருந்தியிருந்தன. தலைமை நடுவர் வாசலில் நின்றார்.

"என்னம்மா இன்னும்? கடைசிச் சுத்துக்கு முன்னாடி அந்த ஆளை வெளிய அனுப்பியாகணும். நெருப்பில்லாம புகையுமா?"

"பக்கத்து வீட்டுப் புகையும் நம்ம வீட்டுக்குள்ள வரும் சார். இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

"பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் கேப்பியோ?"

சுருக்கென்றது. அவளும் ஒரு காலத்தில் ஆடியவள்தான். ஒரு முக்கியமான ஆட்டத்தில் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டாள். அவளுடைய நேரம் கரைந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த நத்தை வாயைத் திறக்காமல் இருந்தாலே வென்றிருப்பார். அவரோ விரலால் கடிகாரத்தைக் காட்டிவிட்டு மறுபடி பலகைக்குள் குனிந்துகொண்டார். வென்றது அவள். நன்றிகூடச் சொன்னதில்லை.

மறுபடி ஓட்டினாள். பதில் வேறாக வந்தது. இப்போது எதை நம்புவது?

அப்போதுதான் பிடிபட்டது. காலையில் நத்தையின் ஆட்டத்தைக் கடைசிவரை அதே மென்பொருளில்தான் பார்த்திருந்தாள். மூடாமல் அப்படியே முதலிலிருந்து சோதித்துவிட்டாள். பார்த்ததெல்லாம் அதன் நினைவில் இருந்ததால், அவருடைய நகர்த்தல்களின் பக்கமே அது சாய்ந்திருக்கிறது. போதாததற்குக் கணினியின் கணக்கிடும் அலகுகளை, பல மூளைகளைப் போல, ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தாள். எது முந்துகிறதோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

நினைவைத் துடைத்தாள். ஒரே மூளை. விநாடிக் கணக்குக்குப் பதிலாக, பலகையின் எத்தனை நிலைகளை அலச வேண்டும் என்ற நிலையான அளவு. பொத்தானை அழுத்துமுன் கண்ணை மூடினாள். 'ஆண்டவனே, எனக்குப் பிடிச்ச பதில் வேண்டாம். எது வந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.'

நத்தை குதிரையை நகர்த்திய இடத்தில் மென்பொருள் யானையைக் கேட்டது. மீண்டும் ஓட்டினாள், யானைதான். மறுபடியும் யானை. மற்ற இடங்களிலும் எழுத்துப் பிசகாமல் அதே பதில்கள். நத்தையின் ஆட்டம் பாதிக்குமேல் பொருந்தவில்லை. ஓரிடத்தில் அசல் மனிதத் தவறு. எதிராளி அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவே.

"அப்போ காலைல வந்தது?" என்றார் தலைமை நடுவர்.

"என் தப்பு சார். ஆட்டத்தை முழுசாப் பாத்துட்டு வந்த சாட்சிகிட்டயே தீர்ப்புக் கேட்டுட்டேன்."

மூன்று ஓட்டங்களின் பதில்களையும் அவர் வரிவரியாக ஒப்பிட்டார். "ம்... சரி, ஆடட்டும்" என்று போய்விட்டார்.

கடைசிச் சுற்று தொடங்கியது. தன்மேல் இப்படியொரு நிழல் விழுந்து விலகியது நத்தைக்குத் தெரியாது. சுவருக்கு அப்பால் கடிகாரங்கள் அழுத்தப்படும் ஓசை கேட்டது. அவள் காலைச் சோதனையின் தவறான அறிக்கையை அழித்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.