கீரைப் பெட்டியின் சாளரம்

மனைவி வசந்தமலரின் முதலாண்டுத் திவசம் வைகாசி வளர்பிறைத் தசமியில் வரவிருந்தது. அன்று அவளுக்கு இடும் படையலில், தன் கையால் விளைந்த முளைக்கீரை ஒரு கறியாக இருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டான அந்த ஆண்டில் கனகலிங்கம் இறைவனிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

லண்டன் மண்ணில் முளைக்கீரை ஆடிக்கு முன் தலைகாட்டாது. வைகாசிக்குள் அதை வளர்த்தெடுக்க வேண்டுமானால் குளிரை ஏமாற்ற வேண்டும். எட்மண்டனில் நகராட்சிக் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்திருந்த தோட்டத்துண்டில், அயலிலிருந்த வெள்ளைக்காரர்கள் செய்வதைப் பார்த்து அவரும் ஒரு பெட்டி செய்தார். நான்கு புறமும் பலகை, அடியில் வெறும் மண், மேலே தெற்கு நோக்கிச் சரிந்த கண்ணாடி மூடி. வெயில் உள்ளே புகும். குளிர் வெளியே நிற்கும்.

மூடிக்காக அவர் கடைக்குப் போகவில்லை. சென்ற ஐப்பசியில் கவுன்சில் ஆட்கள் அவர் குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து பழைய சாளரங்களைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி பொருத்தியபோது, படுக்கையறைச் சாளரத்தின் கதவை மட்டும் குப்பைக்குப் போகவிடாமல் வாங்கி வைத்திருந்தார். அதன் மேல்மூலையில் வசந்தமலரின் ஒட்டுப்பொட்டு ஒன்று, அவள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியபடியே, அரக்கு நிறம் மங்காமல் இருந்தது.

அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடிதான் அவள் கடைசி ஒரு மாதமும் கிடந்தாள். சோறு இறங்காத அந்த நாட்களில் ஒரு முறை முளைக்கீரை கேட்டாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து இறங்கிய கட்டு ஒன்றை வாங்கி வந்து கடைந்து கொடுத்தார். ஒரு வாய் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாடினது. மண் வாசமே இல்லை."

"வாற வருசம் நானே போட்டுத் தாறன்."

வாற வருசம் என்பது இல்லை என்று இருவருக்கும் தெரியும். கீரையை அவள் அதற்குப்பின் கேட்கவில்லை. வேறொன்றை மட்டும் நாள்தோறும் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, உந்த யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கோவன். மூச்சு முட்டுது."

"பனி படும். நெஞ்சிலை சளி கட்டியிருக்கு எண்டு டொக்டர் சொன்னதை மறந்திட்டீரோ?"

வைகாசி வெயில் வெளியே பொன்னாய்க் கிடந்தது. அவர் சாளரத்தின் இடுக்குகளில் பழைய சேலைத் துண்டுகளைத் திணித்தார். பனி என்றால் அவருக்கு அவ்வளவு அச்சம். கழுத்துச் சால்வையைக் காது மறையச் சுற்றாமல் அவர் எந்த மாதத்திலும் வாசற்படி தாண்டியதில்லை.

சித்திரை முதல் வாரத்தில் சமையலறை வெந்நீர்க் கொதிகலனின் மேல் தட்டில் விதையை முளைக்கவைத்தார். நாற்று விரலளவு வந்ததும் பெட்டிக்கு மாற்றினார். இடம் போதாமல் மிஞ்சிய ஐந்து சிறு கொத்துகளைப் பக்கத்தில் நட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலைக் கவிழ்த்தார். ஒன்றின் அடி உடைந்து ஓட்டை விழுந்திருந்தது. வேறு போத்தல் இல்லாததால் மனமில்லாமல் அதையும் வைத்தார். மாலைதோறும் பெட்டியருகில் நின்று பதிகம் ஓதிவிட்டு, மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டே வீடு திரும்புவார்.

அடுத்த துண்டுக்காரர் அழகப்பன், ஈப்போவிலிருந்து படிக்க வந்து பொறியியலாளராகத் தங்கிவிட்டவர்.

"அண்ணே, பகல்ல மூடியைத் தூக்கி ஒரு கட்டையை முட்டுக் குடுங்க. செடிக்குக் காத்து வேணும்."

"பனி தம்பி, பனி. உங்கட ஈப்போவிலை பனி இல்லை. உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆமா, ஈப்போவில பனி இல்லதான். யாழ்ப்பாணத்துல மட்டும் கொட்டுதாக்கும்!"

கனகலிங்கம் சால்வையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். அன்று பலகை இடுக்குகளில் துணி திணித்துவிட்டுப் போனார்.

வைகாசி பிறந்து நான்காம் நாள் முதல் வெயில் கொளுத்தியது. அவர் வேலை பார்த்த பெற்றோல் நிலையத்தில் தொடர்ந்து மூன்று பகல் ஷிப்ட். தோட்டப் பக்கம் போக முடியவில்லை. ஷிப்டுகள் முடிந்த மறுநாள் வந்தவர் கண்ணாடியின் உட்புறம் நீர்த்துளிகள் திரண்டு நிற்பதைக் கண்டார். மூடியைத் தூக்கினார். ஈரமும் அழுகலும் முகத்தில் அடித்தன. கீரை முழுவதும் தண்டு கறுத்து, மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடந்தது.

வேலிக்கு அப்பாலிருந்து அழகப்பன் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, இங்கேயே அவிச்சுட்டீங்களா? இனி தேங்காய்ப்பால் விட்டு இறக்க வேண்டியதுதான்!"

கனகலிங்கம் திரும்பவில்லை. அவருடைய தோள்கள் குலுங்குவதைக் கண்டு அழகப்பன் வேலியைத் தாண்டி வந்தார்.

"மனுசியின்ரை திவசத்துக்கு வைச்சிருந்தனான், தம்பி."

 அழகப்பன் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க, அண்ணே. குளிர் இத ஒண்ணும் பண்ணல. காத்துதான் இல்லாம போச்சு."

கனகலிங்கத்தின் கை இன்னும் மூடியைத் தாங்கியிருந்தது. கண்ணாடி மூலையிலிருந்த பொட்டு அவர் முகத்துக்கு நேரே இருந்தது.

"காத்துத்தான் கேட்டவ," என்றார். "ஒரு மாசம் கேட்டவ."

அழகப்பனுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் கனகலிங்கத்தால் ஏலவில்லை.

போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நான்கில் அழுகல். அடி உடைந்த போத்தலின் கீழே மட்டும் ஒரு கொத்து, ஓட்டையை நோக்கி இலை நீட்டி, பச்சையாக நின்றது. அன்றிலிருந்து தசமி வரை, கனகலிங்கம் ஷிப்டுக்கு முன்னே வந்து போத்தலை எடுப்பதும் பொழுதுபட வந்து கவிழ்ப்பதுமாக இருந்தார். கழுத்துச் சால்வையை இரண்டு முறை வேலியில் மறந்துவிட்டு வந்தார்.

திவசத்தன்று குட்மேய்ஸிலிருந்து மகள் கலாவதி வந்து சமைத்தாள். சட்டியில் கீரை சுருங்கி ஒரு கரண்டியளவாயிற்று.

"இது காணுமே, அப்பா? கடையிலை ஒரு கட்டு வாங்கிக் கலப்பமே?"

"வேண்டாம், பிள்ளை. உள்ளது போதும்."

வசந்தமலர் கிடந்த அறையிலேயே விளக்கேற்றி இலை விரித்துப் படைத்தார்கள். படைத்தபின் வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்தி, போனவர் வந்து உண்ணச் சற்று நேரம் விடுவது வழக்கம். எல்லோரும் வெளியேறினார்கள். கனகலிங்கம் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிப்போய், புதிய இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தின் பிடியைத் திருகினார். பொருத்திய நாள் முதல் ஒருவரும் தொடாத பிடி; இறுகியிருந்தது. இரு கையாலும் தள்ளினார். காற்று உள்ளே வந்தது. வாழையிலையின் ஓரம் எழுந்தது, சுடர் சாய்ந்தது.

"அப்பா, விளக்கு நூரப்போகுது!"

"நூர்ந்தால் திரும்பக் கொளுத்தலாம், பிள்ளை."

அவர் வெளியே வந்து அறைக்கதவை மெல்லச் சாத்தினார்.