எரியக்கூடாத கோட்டை

அலுவலகத்தில் அவருக்கு 'அபாயம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். தீப் பாதுகாப்பு ஆய்வாளர் வேலை. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, எங்கே பற்றும், புகை எந்தப் பக்கம் போகும், யார் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்து எழுதித் தரவேண்டும். அந்த யோசனையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் பிறந்தநாள் விருந்தில் கேக்கின் மேல் மெழுகுவத்தி ஏற்றினால், இவர் ஓடிப்போய்த் திரைச்சீலையை இழுத்து முடிச்சுப் போடுவார். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசை ஓரத்து இருக்கைதான், அதுவும் கதவுப் பக்கம்.

கண் மருத்துவமனையில் செவிலியாக இருந்த அவருடைய மனைவி ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னாள்: "உங்களோட எங்கேயாவது போனா, போயிட்டு வந்த மாதிரியே இல்லைங்க. தப்பிச்சு வந்த மாதிரி இருக்கு."

சனிக்கிழமை மத்தியானங்களில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடக்கும். அதை நடத்தியவன் மனைவியின் தம்பி. அவன் ஒரு கதையைத் தொடங்குவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைவார்கள். இருட்டுக் குகை, அதற்குள் ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பான். அவர்கள் செய்வதைச் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் யோகம், ஒன்று விழுந்தால் வினை. கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் வாள் வீரர். மாடி வீட்டில் இருந்த, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண் சூனியக்காரி. மனைவி கோடாலி தூக்கிய குள்ளன். நம்மவர் மட்டும் பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். எப்போதாவது, "அந்தக் குகையில காத்தோட்டம் இருக்கா?" என்று குரல் வரும். யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

தம்பிக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. பெட்டி படுக்கையோடு கிளம்பும்போது பகடைப் பையை அத்தான் கையில் திணித்தான்.

"நானா? எனக்குக் கதை கிதையெல்லாம் சொல்லத் தெரியாதுப்பா."

"கதை தெரியவேணாம் அத்தான். என்னென்ன கெட்டது நடக்கலாம்னு யோசிக்கத் தெரிஞ்சா போதும். உங்களை விட்டா இதுக்கு ஆள் ஏது?"

பொறுப்பு என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்யும் ஆள் இல்லை அவர். வாரம் முழுக்க உட்கார்ந்து கட்டம்போட்ட தாளில் ஒரு கோட்டை வரைந்தார். உள்ளே பொக்கிஷம், அதைக் காக்க நெருப்புக் கக்கும் ஒரு பறக்கும் பாம்பு. சனிக்கிழமை மூன்று பேரும் ஆசை ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

"வாசல்ல எதிரி யாராவது?" என்று மருந்துக்கடைக்காரர் கற்பனை வாளை உருவினார்.

"காவலாளி ஒருத்தர் இருக்கார். உள்ளே எத்தனை பேர் போறீங்கன்னு கேக்கறார்."

"எதுக்கு?"

"ஏதாவது ஆச்சுன்னா, எத்தனை பேர் வெளியே வரணும்னு தெரியணுமில்ல?"

மருந்துக்கடைக்காரர் வாளை உறையில் போட்டார். உள்ளே போனார்கள். அகலமான படிக்கட்டு, ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு. வளைவுக்கு வளைவு மணல் வாளி.

"தரையில பொறி கிறி வெச்சிருக்கா அண்ணா?" என்றாள் சூனியக்காரி, நம்பிக்கையோடு.

"இருந்துச்சு. யாராவது விழுந்துடுவாங்கன்னு எடுத்துட்டாங்க."

"அந்தப் பாம்பாவது நெருப்பு கக்குமா?"

"கக்கும். ஆனா தனி அறை. இரும்புக் கதவு போட்டு, புகைபோக்கி வெச்சுக் கட்டியிருக்கு."

மருந்துக்கடைக்காரருக்குத் திடீரென்று கடையில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. சூனியக்காரி கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. மனைவிக்குத்தான் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. வேண்டுமென்றே வம்பு செய்தாள்.

"அந்த அறைக்கு ஒரு இரும்புக் கதவு இருக்குன்னீங்களே, அதுல என் கோடாலியைச் செருகி, மூடமுடியாதபடி நிறுத்திடறேன்."

அவர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "அது தீத்தடுப்புக் கதவு! அதை எப்பவும் மூடியே வெக்கணும்!"

"திறந்து வெச்சா என்ன ஆகும்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசிவரை கேட்டவர் ஒருவரும் கிடையாது. கடிகாரத்தைப் பார்ப்பார்கள், "செஞ்சுடறோம் சார்" என்பார்கள். இப்போது மூன்று பேர் மேசைமேல் சாய்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆகுமா?" என்றார் மெதுவாக. "பகடையை உருட்டு."

ஒன்று விழுந்தது.

அதற்கப்புறம் அவர் பேசியதை மனைவி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். பாம்பு தூக்கத்தில் ஒரு தும்மல் தும்மியது. அவ்வளவுதான். புகை கூரையோடு கூரையாக ஊர்ந்து வந்து முதலில் விளக்கை அணைத்தது. எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று டம்மென்று வெடிக்க, பக்கத்தில் நின்றது "நானும்தான்" என்பதுபோல வெடித்தது. வாள் வீரர் நிமிர்ந்து ஓடப்போக, "நிமிராதீங்க, மேலே மூச்சு விட முடியாது!" என்று நம்மவர் கத்தினார். அண்ணே என்று அலறிக்கொண்டே மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் குனிந்தேவிட்டார். சூனியக்காரி பழக்கதோஷத்தில் மேசைக்கு அடியில் காலால் பிரேக்கை மிதித்தாள். மூவரும் புருவம் கருகி வெளியே வந்து விழுந்தபோது, பொக்கிஷம் உருகி ஓடியிருந்தது. நம்மவர் எப்போது எழுந்து நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சு வாங்கியது. எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வாரமும் இப்படித்தானே அண்ணா?" என்றாள் சூனியக்காரி.

இத்தனை வருஷமாக நடக்காமல் தடுத்துவந்த தீ விபத்துகளெல்லாம் அவருக்குள்ளேயே சேர்ந்து கிடந்தன போலிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அவிழ்த்து விட்டதும், யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், நெஞ்சு காலியாகி லேசானது.

வம்பு அதன்பிறகுதான் வந்தது. வேலையே அவருக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் அடைத்த படிக்கட்டைக் கண்டால் முகம் சுண்டிப்போகும். இப்போது மலர்ந்தது. அறிக்கையில் ஒரு வரிகூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதவேண்டியதைக் கறாராகத்தான் எழுதினார். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ரசித்தார். ஒரு கிடங்கில் பின்பக்கப் படிக்கட்டு அடிமுதல் முடிவரை அட்டைப்பெட்டியால் நிரம்பியிருந்தது.

"அடடா! இதைவிட அம்சமா யாராலயும் அடைக்க முடியாதுங்க!" என்று கிடங்குக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இங்கேருந்து ஒரு குள்ளன் குதிச்சா பிழைப்பான்னு நினைக்கிறீங்க?" என்று விசாரித்தார்.

கிடங்குக்காரர் புகார் கொடுத்துவிட்டார். உங்கள் ஆய்வாளருக்கு உடம்பு சரியில்லை, நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று.

மேலதிகாரி அம்மாள் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் சிரித்துப் பார்த்ததாக அந்த அலுவலகத்தில் ஒருவரும் சாட்சி சொல்லமுடியாது.

"குள்ளன் யாரு?" என்றார்.

"என் மனைவி மேடம்."

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நம்மவர் வேர்த்து விறுவிறுத்து, அது ஒரு விளையாட்டு என்று இழுத்தார். விளக்க விளக்க விஷயம் மோசமாகிக்கொண்டே போனது.

"போதும். சனிக்கிழமை வரேன். எனக்கு விளையாடிக் காட்டுங்க."

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கென்று அவர் ஏற்கெனவே ஒரு கோட்டையை மூன்று வாரமாக இழைத்துக்கொண்டிருந்தார். ஊரிலுள்ள கட்டடங்களின் அத்தனை பாவங்களும் அதில் இருந்தன. அந்தக் கிடங்குப் படிக்கட்டு, ஒரு தியேட்டரின் பூட்டிய பால்கனிக் கதவு, எந்தப் பக்கமும் திறக்காத ஒரு ஓட்டல் சமையலறை ஜன்னல். அறை அறையாக இவர்களை இழுத்துப்போய்ப் பாடாய்ப் படுத்தவேண்டும் என்று கைகள் பரபரத்தன.

மேலதிகாரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். மனைவி அவரிடம், அவர் ஏற்கவேண்டிய பாத்திரம் எழுதிய சீட்டை நீட்டினாள்.

"திருடியா? நானா?"

"அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு மேடம்," என்றார் மருந்துக்கடைக்காரர் குற்றவுணர்ச்சியோடு.

கோட்டை வாசலில், ஒரு வைக்கோல் போருக்குப் பக்கத்தில், நான்கு பேரும் நின்றார்கள். மற்ற மூவரும் உள்ளே நுழையத் துடித்தார்கள். மேலதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உள்ளே ஆளுங்க இருக்காங்களா?"

"நிறைய பேர் இருக்காங்க மேடம். அரசர், வீரர்கள், சமையல்காரங்க."

"தீப்பிடிச்சா, அவங்க முதல்ல எதைத் தூக்கிட்டு வெளியே வருவாங்க?"

நம்மவர் கோட்டைப் படத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். "பொக்கிஷத்தைத்தான் மேடம்."

"அப்போ நாம எதுக்கு உள்ளே போகணும்? அந்த வைக்கோல் போருக்கு நெருப்பு வெக்கறேன்." பகடையை எடுத்து, ஒருமுறை ஊதி, உருட்டினார்.

இருபது விழுந்தது. மேசையே ஆர்ப்பரித்தது.

மூன்று வார உழைப்பு, ஒரு காலடிகூட உள்ளே படாமல் எரியப் போகிறது. 'திடீர்னு மழை கொட்டுது' என்று ஒரு வார்த்தை போதும். நடத்துபவர் சொன்னால் சொன்னதுதான். மழை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது மேலதிகாரியைப் பார்த்தார். கைப்பை எப்போதோ தரைக்குப் போயிருந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, மாட்டிக்கொள்ளாத குறும்புக்காரக் குழந்தையைப்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் மழையை விழுங்கிவிட்டார்.

"பத்திக்கிச்சு மேடம்."

அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. வரைந்து வைத்திருந்தது எதுவும் உதவாது. ஆபத்து எந்த மூலையிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஒரு இடத்தில் அவர் நிற்பது இதுதான் முதல் தடவை. வாய்க்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு போனார். அரசர் இரவு உடையோடு ஓடி வந்தார். கையில் பொக்கிஷம் இல்லை, ஒரு கிளிக்கூண்டு. பொக்கிஷப் பெட்டியைத் தளபதி அமுக்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஓட்டம் பிடித்தான்.

"பிடிங்க அவனை!" என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"பின்பக்கப் படிக்கட்டு அடைஞ்சிருக்கு," என்றார் நம்மவர். திட்டமிட்டுச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்கே தெரிந்தது. "சமையல்காரங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்க. குரல் கேக்குது."

எல்லோரும் மேலதிகாரியைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் பொக்கிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் கூச்சல்.

"நான் வெச்ச நெருப்பு," என்றார் அவர். "உள்ளே போறேன்."

"மேடம், பொக்கிஷம்!"

"போனா போகட்டும்யா, உருட்டுங்க!"

அந்த மத்தியானம் நான்கு பேரும் தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். சமையல்காரர்கள் கடைசி ஆள்வரை வெளியே வந்தார்கள். தளபதி பெட்டியோடு தப்பித்தே போனான். எல்லாம் முடிந்து, அரசர் அழுதுகொண்டே நன்றி சொல்லும்போது, மேலதிகாரி குரலைத் தாழ்த்தி, "அவர் அசந்த நேரம் பார்த்து அந்தக் கிளியை மட்டும் எடுத்துக்கறேன்," என்றார். பதினெட்டு விழுந்தது. கிளி அவருடையதானது. அப்போதுதான் அவர் சிரித்தார். நிறையப் பல் இருந்தது.

போகும்போது வாசலில் திரும்பி நின்றார். "திங்கட்கிழமை அந்தக் கிடங்குக்காரர்கிட்ட போறோம்."

"மன்னிப்புக் கேக்கவா மேடம்?"

"பகடையை எடுத்துட்டு வாங்க."

கிடங்கிலேயே ஒரு பொதி கட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புகார் கொடுத்த முதலாளி, நாலைந்து வேலையாட்கள், மேலதிகாரி. இந்த முறை கோட்டையும் இல்லை, பாம்பும் இல்லை. இதே கிடங்கு, இதே ஆட்கள். ஒரு மின்கம்பி மட்டும் உரசியது. முதலாளி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வேலையாட்கள் ஒவ்வொருவராக முன்வாசல் வழியே தப்பிக்க, இவர் மட்டும் மேலே மாட்டிக்கொண்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்பக்கமா இறங்கறேன்!"

"அட்டைப்பெட்டி நிக்குதுங்க."

"தள்ளறேன்!" நான்கு விழுந்தது. "மறுபடி தள்ளறேன்!" இரண்டு.

"அதுக்குப் பின்னாலயும் பெட்டிதாங்க."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. மேசையைத் தட்டி, "இது அநியாயம்! யாருய்யா இதையெல்லாம் கொண்டுவந்து இங்க அடுக்கினது?" என்று கத்தினார்.

வேலையாட்கள் ஆளுக்கொரு பக்கம் கூரையைப் பார்த்தார்கள். ஒருவனுக்குத் தாங்கமுடியாமல் மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. பிறகு எல்லோரும். கடைசியாக முதலாளி. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே புகை வந்து சேர்ந்தது. செத்துப்போனார்.

சிரிப்பு அடங்கியது. முதலாளி எழுந்து நேராகப் பின்படிக்கட்டுக்குப் போய், மேலே இருந்த முதல் பெட்டியைத் தானே தூக்கினார். வேலையாட்கள் பின்னால் ஓடினார்கள். நம்மவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். எத்தனை கட்டடத்துக்கு எத்தனை எச்சரிக்கை எழுதியிருப்பார்! எழுதிய கையோடு, தன் கண்முன்னாலேயே ஒரு வழி திறப்பதை அவர் பார்த்ததில்லை. பாதிப் படிக்கட்டு தெரிந்ததும் வெளிச்சம் சரிந்து உள்ளே விழுந்தது. ஒரு கணம் பெட்டியை இறக்கி வைக்காமலேயே நின்றுவிட்டார்.

"சார்," என்று முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். "செத்தவன் மறுபடி விளையாட வரலாமா?"

"தாராளமா வரலாம். வேற ஆளா வரணும், அவ்வளவுதான்."

முதலாளி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்போ திருடனா வரட்டுமா?"

"அந்த இடம் காலி இல்ல," என்றது படிக்கட்டின் அடியிலிருந்து மேலதிகாரியின் குரல்.