உத்தரத்தில் ஒரு விரல் இடைவெளி

1

நேற்றுவரை இந்தக் கதையில் ஜெபகனி என்றொரு தச்சன் இருந்தான். ராஹிலா வீட்டு உத்தரத்தின் ஓரத்தை அவன்தான் செதுக்கிக் கெடுத்தான் என்று எழுதியிருந்தேன். அப்படி ஒருவன் இல்லை. கெடுத்தது நான். கதை எழுத உட்கார்ந்ததே அதை மறைக்கத்தான்.

2

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. ராஹிலாவின் கல்யாணம் நெருங்கியதும், துபாயிலிருக்கும் அவள் காக்கா முஆத் (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னான். அவளுக்கு அந்த வீடே போதும். போனில் இழுபறி. கடைசியில் இறங்கி வந்தான்.

"மரம் வெட்டி நூறு வருசம்னு காட்டு. நா கை வைக்கல."

அதாவது 1925-க்குள் வெட்டியிருக்க வேண்டும்.

மர வளையங்களை எண்ணி வயது சொல்லும் ஆஃபியா மேடம் வருவதாக ஏற்பாடு. விருந்தாளி என்றால் அந்த வீட்டில் கூரைவரை துடைப்பார்கள். அங்கே வீட்டுவேலை செய்யும் நான் ஏணியில் ஏறி, உத்தரத்தின் ஓரத்தில் அசிங்கமாக இருந்த பட்டையையும் உளுத்த வெள்ளை மரத்தையும் அரிவாளால் சீவி அடுப்பில் போட்டேன்.

[இங்கே "விதி" என்று தொடங்கிய வாக்கியத்தை அடித்துவிட்டேன். விதிக்கு அரிவாள் பிடிக்கத் தெரியாது.]

3

மேடம் பென்சில் கனத்துக்கு மரத்தைத் துளைத்து எடுத்துப் போனார். பிறகு போனில் சொன்னார்: மிச்சமிருக்கும் கடைசி வளையம் 1911. பட்டை இருந்திருந்தால் வெட்டிய வருசமே தெரிந்திருக்கும். இந்த மரத்தில் விரல் கனத்துக்கு ஏறத்தாழப் பத்து வளையம், அதாவது பத்து வருசம். ஆனால் எத்தனை விரல் போயிற்றோ, யாருக்குத் தெரியும்?

ராஹிலா அழவில்லை. சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

4

முடிவு ஒன்று: நான் வாய் திறக்கவில்லை, வீடு இடிகிறது. எழுத எளிது.

முடிவு இரண்டு: ராஹிலா என்னைப் பார்த்து

(இதற்குமேல் கை ஓடவில்லை.)

5

நடந்தது இது. இன்று காலை, யாருக்கும் காட்டாத இந்த நோட்டை அவளிடம் நீட்டினேன்.

"ஏளா, யாரு இந்த ஜெபகனி?"

"நாந்தான்."

நோட்டை மறுபடி புரட்டினாள். பிறகு, "மீசையெல்லாம் வச்சில்லா எழுதியிருக்கே" என்றாள்.

ஏணியில் அவளே ஏறினாள். அந்தக் காலத்தில் சுண்ணாம்பை மரத்தின் ஓரத்தோடு ஒட்டிப் பூசியிருந்தார்கள். நான் சீவிய அளவு, சுவருக்கும் மரத்துக்கும் நடுவே சந்தாகத் தெரிந்தது. விரலை விட்டாள்.

"ஒண்ணுதான் போவுது. ரெண்டு போவல. நீயும் ஏறிப் பாரு."

என் விரலும் இறுக்கமாகத்தான் போனது. படமெடுத்து மேடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை, வந்ததாக எழுதவும் மாட்டேன். 1911-ஓடு நீங்களே கூட்டிப் பாருங்கள். ராஹிலா சாமான்களை அவிழ்க்கிறாள். நான் போய்க் கை கொடுக்க வேண்டும்.